காலையில் பறக்கும் போட்டோஷாப் மாலையில் ஏன் ஊர்கிறது?

கேள்வி: திருமண ஸ்டுடியோ நடத்துகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய லேப்டாப். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைத் தேர்ந்தெடுத்து, கலர் சரிசெய்து, போட்டோஷாப்பில் 12×36 கரிஷ்மா ஆல்பம் ஷீட்டுகள் தயாரிக்கிறேன். வாங்கிய புதிதில் இருந்த வேகம் இப்போது இல்லை. அதிலும் காலையில் ஓரளவு நன்றாக ஓடுவது, மதியத்துக்கு மேல் பிரஷ்ஷை இழுத்தால் கோடு இரண்டு நொடி கழித்து வருகிறது. லைட்ரூமில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகவே காத்திருக்க வேண்டியிருக்கிறது. எல்லாத் திருமணங்களும் ஒரே கேட்டலாக்கில் (லைட்ரூம் படங்களின் பட்டியலையும் திருத்தங்களையும் வைத்திருக்கும் கோப்பு) உள்ளன. ஒரு லட்சத்து எண்பதாயிரம் படங்கள் இருக்கும். சி டிரைவில் 22 ஜிபி காலி. கம்ப்யூட்டர் கடைக்காரர் 32 ஜிபி ரேம் போடச் சொல்கிறார். அக்கா மகன் ஃபார்மேட் செய்தால் போதும் என்கிறான். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. எதைச் செய்வது?
ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, மூன்று ஆண்டுகளில் மெல்ல மெல்லக் குறைந்த வேகம். மற்றொன்று, ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் இடையே குறையும் வேகம். இரண்டுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. கடைக்காரர் சொல்லும் ரேம் இரண்டாவது புகாருக்கு ஒருவேளை உதவலாம். முதலாவதற்குப் பெரிதாக உதவாது. அக்கா மகன் சொல்லும் ஃபார்மேட், முதலாவதைச் சில மாதங்களுக்கு மூடி மறைக்கும். இரண்டாவதை அநேகமாகத் தொடவே தொடாது. ஆகவே இருவர் பேச்சையும் ஒரு வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

ஸ்டுடியோக் கணினி எது வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: என்ன செய்தால் வேகம் திரும்புகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாளை மதியம் பிரஷ் தடுமாறத் தொடங்கியதும் வேலையைச் சேமித்துவிட்டு, போட்டோஷாப்பை மட்டும் மூடித் திறந்து, அதே ஷீட்டில் அதே பிரஷ்ஷை இழுத்துப் பாருங்கள். காலை வேகம் வந்துவிட்டால் கோளாறு நினைவகத்தில், அதாவது ரேம் நிறைந்துபோவதில். வரவில்லை என்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், உடனே, ஆறவிடாமல். அப்போது சரியானால் பின்னணியில் வேறு ஏதோ நிரல் இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அதற்கும் மசியாமல், அணைத்து அரை மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் வைத்த பிறகுதான் ஓடுகிறது என்றால் சூடு. எதற்குமே அசையவில்லை என்றால் டிஸ்க்கையும் கேட்டலாக்கையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "தினமும் இரவு அணைத்துவிட்டுத்தான் போகிறேன்" என்பார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, காலையில் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். முழுமையான புதுத் தொடக்கம் ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் கீழே 'அப் டைம்' என்று ஒரு வரி இருக்கும். தினமும் அணைப்பவரின் கணினியில்கூட அது பல நாட்களைக் காட்டும். வாரத்தில் இரண்டு முறையாவது ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

முதலில் மதியத்துக்கு மேல் வரும் மந்தத்தைப் பார்ப்போம். உங்கள் கூலி அதில்தான் கரைகிறது.

12×36 அங்குல ஷீட்டை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தெளிவில் திறந்தால் 10,800 × 3,600 புள்ளிகள். மொத்தம் 3 கோடியே 88 லட்சத்துச் சொச்சம். 8 பிட் நிறத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட். போட்டோஷாப் சன்னலின் அடியில் 'டாக்' என்று காட்டும் இடத்தில் வெற்று ஷீட்டுக்கே 111.2 எம் என்று இருக்கும். 16 பிட்டில் வேலை செய்தால் இதுவே இரட்டிப்பு. ஷீட் முழுவதையும் நிரப்பும் ஒவ்வொரு லேயரும் (அடுக்கும்) ஏறக்குறைய இதே அளவை எடுத்துக்கொள்ளும். பின்னணிப் படம் ஒன்று, அதன்மேல் மங்கலாக்கிய நகல் ஒன்று, நிறப்பூச்சு ஒன்று, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக இறக்கிய மணமக்கள் படங்கள் நான்கைந்து என்று வைத்தாலே ஒரு ஷீட் ஒரு ஜிபியை நெருங்கிவிடும்.

இதோடு முடியவில்லை. நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் பின்வாங்கிக்கொள்ள வசதியாக ஹிஸ்டரியில் பழைய நிலை சேமிக்கப்படுகிறது. இயல்பான அமைப்பில் 50 நிலைகள். பிரஷ்ஷால் கன்னத்தில் ஒரு தீற்று தீற்றினால் தொட்ட பகுதி மட்டுமே எழுதப்படும், அது சிறியது. ஆனால் முழு லேயருக்கும் பிளர் போட்டாலோ, லிக்விஃபை செய்தாலோ முழு 111 எம்.பி.யும் மீண்டும் ஒரு முறை சேமிக்கப்படும். இப்படி இருபது முறை என்றால் 2 ஜிபிக்கு மேல் போய்விட்டது. இது ஒரு ஷீட்டின் கணக்கு. நீங்கள் எப்படி என்று எழுதவில்லை. ஆனால் பெரும்பாலான ஆல்பம் வடிவமைப்பாளர்கள் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்று பத்துப் பன்னிரண்டு ஷீட்டுகளைத் திறந்தே வைத்திருப்பார்கள்.

போட்டோஷாப் தனக்குக் கிடைக்கும் ரேமில் 70 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டு வருகிறது. அது நிறைந்ததும் மிச்சத்தை ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற பெயரில் எஸ்.எஸ்.டி.யில் எழுதிப் படிக்கத் தொடங்கும். கைக்கெட்டும் மேஜை நிறைந்துபோய், ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணில் ஏற்றி இறக்கிச் சமைப்பது மாதிரி. பிரஷ் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இது உங்கள் கணினியில் நடக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். அதே 'டாக்' எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டு 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் என்று காட்டினால் எல்லாம் ரேமுக்குள் நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் டிஸ்க்கைத் தொடுகிறது. காலையிலிருந்து மாலை வரை மணிக்கொரு முறை அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துவையுங்கள். ரேம் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் விடை. என் ஆலோசனையும் அல்ல, கடைக்காரர் ஆலோசனையும் அல்ல.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். எல்லா ஷீட்டுகளையும் மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் போட்டோஷாப் 7, 8 ஜிபி பிடித்திருப்பதாகக் காட்டும். "நினைவகம் ஒழுகுகிறது" என்று பலரும் பதறுவது இதைப் பார்த்துத்தான். போட்டோஷாப் எடுத்த ரேமைத் தன்னை மூடும்வரை விடாமல் வைத்திருக்கும்படி எழுதப்பட்ட நிரல். அடுத்த ஷீட்டுக்கு அதையே பயன்படுத்திக்கொள்ளும். அது தனியாக ஓடும்போது இதனால் கெடுதல் இல்லை. பக்கத்தில் லைட்ரூமும், முப்பது டேப் திறந்த பிரவுசரும், வாட்ஸ்அப்பும் இருந்தால்தான் சண்டை வருகிறது.

ஆகவே வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு, மூன்று ஷீட்டுகளுக்கு மேல் திறக்க வேண்டாம். முடிந்த ஷீட்டுகளின் சிறிய ஜேபெக் நகலை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், ஒப்பிட போட்டோஷாப்பின் முழு பி.எஸ்.டி. கோப்பு தேவையில்லை. பிரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஹிஸ்டரி நிலைகளை 20 ஆக்குங்கள். கேச் லெவல் 4 என்று இருந்தால் அப்படியே விடுங்கள். ரேம் பங்கை 90, 95 என்று ஏற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. லைட்ரூமும் கூடவே ஓடும் 16 ஜிபி கணினியில் அப்படிச் செய்தால் விண்டோஸுக்கே மூச்சு முட்டும். நான் 60 முதல் 70க்குள் விடச் சொல்வேன். எடிட் மெனுவில் பர்ஜ் என்ற கட்டளை இருக்கிறது. ஹிஸ்டரியையும் கிளிப்போர்டையும் துடைத்துவிடும். திறந்திருக்கும் எல்லா ஷீட்டுகளுக்கும் சேர்த்தே துடைக்கும், திரும்பப் பெற முடியாது. சாப்பாட்டு வேளையில் போட்டோஷாப்பையே மூடித் திறப்பது இதைவிட எளிது.

அடுத்து சூடு. மே மாதம் மட்டும் எனக்கு இந்தப் புகார் இரட்டிப்பாக வரும். லேப்டாப் செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தங்களைக் காத்துக்கொள்ளத் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. வேலை மட்டும் மந்தமாகும். இதையும் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரின் அதே சிபியு பக்கத்தில் 'ஸ்பீட்' என்று கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 'பேஸ் ஸ்பீட்' இருக்கும். காலையில் லைட்ரூமில் ஐம்பது படங்களை ஏற்றுமதிக்குக் கொடுத்துவிட்டு ஸ்பீடைப் பாருங்கள். மாலையில் அதே ஐம்பது படங்களைக் கொடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். மாலையில் அது பேஸ் ஸ்பீடுக்கும் கீழே விழுந்து கிடந்தால் நீங்கள் எந்த மென்பொருளைத் திட்டியும் பயனில்லை.

மூன்று ஆண்டு ஓடிய லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றினால், மின்விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு தூசிப் படலம் அடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடும் கடைகளில் அந்தத் தூசி பிசுக்கேறி, ஊதினால் பறக்காமல் ஒட்டியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மின்விசிறியைச் சுத்தம் செய்து, செயலியின் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். அழுத்தக் காற்றால் ஊதும்போது மின்விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் கெடும். மேஜையில் வைக்கும்போது பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கியிருக்கட்டும். மெத்தை, தலையணை வேண்டவே வேண்டாம். சார்ஜர் பழுதாகி வேறு ஏதாவது வாங்கியிருந்தால் அதன் வாட் அளவைப் பழையதோடு ஒப்பிடுங்கள். குறைந்த வாட் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பும் சூடானதைப் போலவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இனி மூன்று ஆண்டு மந்தம். இதில் நான் முதலில் கைவைப்பது அந்த 22 ஜிபியில்.

512 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 476 என்றுதான் தெரியும். அதில் 22 ஜிபி காலி என்பது ஐந்து சதவீதம்கூட இல்லை. எஸ்.எஸ்.டி. புதிதாக எழுதுவதற்கு முன்பே அழித்துவைத்த இடம் வேண்டும். இன்றைய மலிவான எஸ்.எஸ்.டி.கள் பல, காலி இடத்தின் ஒரு பகுதியைத்தான் வேகமான தற்காலிகக் கிடங்காகப் பயன்படுத்துகின்றன. காலி இடம் சுருங்கினால் அந்தக் கிடங்கும் சுருங்கி, எழுதும் வேகம் சட்டென்று விழும். போட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் கோப்பு ஒரு பெரிய ஆல்பம் நாளில் தனியாகவே பல பத்து ஜிபி கேட்கும். அதற்கு மேல் லைட்ரூமின் கேச், விண்டோஸின் பேஜ் ஃபைல். இத்தனையும் 22 ஜிபிக்குள் முண்டியடிக்கின்றன. இருபது சதவீதம், அதாவது உங்கள் டிஸ்க்கில் சுமார் 95 ஜிபி, எப்போதும் காலியாக இருக்கட்டும்.

எதை எடுப்பது? முடிந்து பணமும் வந்துவிட்ட திருமணங்களின் ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்த அசல் படக் கோப்புகள்) வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒரு டிஸ்க்கில் மட்டுமல்ல, இரண்டில். மாற்றுவதை விண்டோஸ் ஃபோல்டரில் இழுத்துப் போடாமல் லைட்ரூமுக்குள் இருந்தே, லைப்ரரியின் ஃபோல்டர் பட்டியலில் இழுத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் படங்கள் காணவில்லை என்று கேள்விக்குறியாக நிற்கும். பிறகு கேட்டலாக் இருக்கும் ஃபோல்டருக்குள் 'பேக்கப்ஸ்' என்று ஒன்று இருக்கும், திறந்து பாருங்கள். லைட்ரூம் மூடும்போதெல்லாம் நீங்கள் சரி என்று அழுத்திய ஒவ்வொரு காப்பும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். லைட்ரூம் அவற்றைத் தானாக அழிப்பதில்லை. உங்கள் அளவுள்ள கேட்டலாக்குக்கு அதில் மட்டும் பல ஜிபி தேறும். கடைசி இரண்டு மூன்றை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு மற்றதை நீக்கலாம். போட்டோஷாப் நடுவில் முடங்கி மூடியிருந்தால் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் 'போட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கும் கோப்புகள் அனாதையாகக் கிடக்கும். போட்டோஷாப் மூடியிருக்கும்போது அவற்றை அழித்துவிடலாம்.

இடமில்லை என்பதற்காக ஸ்கிராட்ச் டிஸ்க்கையோ கேட்டலாக்கையோ யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடாதீர்கள். தட்டு சுழலும் டிஸ்க், ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகளைத் தேடித் தேடிப் படிப்பதில் படு மந்தம். ரா கோப்புகள் அதில் இருக்கலாம். கேட்டலாக்கும் பிரிவியூக்களும் (விரைவாகக் காட்ட லைட்ரூம் செய்து வைக்கும் நகல் படங்கள்) எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்க வேண்டும்.

லைட்ரூம் கேட்டலாக்கைப் பற்றி: ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்ற எண்ணைக் கண்டு நான் அஞ்சவில்லை. அது எஸ்.க்யூ.லைட் வகைத் தரவுத்தளம். அந்த அளவைத் தாங்கும். கேட்டலாக்தான் குற்றவாளியா என்று பார்க்க எளிய வழி, புதிய காலி கேட்டலாக் ஒன்றைத் தொடங்கி, அண்மைத் திருமணத்தின் நூறு படங்களின் நகலை அதில் ஏற்றி வேலை செய்து பார்ப்பது. அதிலும் மந்தம் என்றால் பழைய கேட்டலாக்கைத் தொடவேண்டிய அவசியமே இல்லை, கோளாறு கணினியில். புதியதில் பறக்கிறது என்றால் பழையதற்கு ஒரு காப்பு எடுத்துவிட்டு, ஃபைல் மெனுவில் 'ஆப்டிமைஸ் கேட்டலாக்' கொடுங்கள். நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

பிறகு எடிட் மெனுவின் அடியில் கேட்டலாக் செட்டிங்ஸ். அதில் மெட்டாடேட்டா பக்கத்தில் மாற்றங்களை எக்ஸ்.எம்.பி.யில் தானாக எழுதும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் நீங்கள் ஸ்லைடரை அசைக்கும்போதெல்லாம் படத்தின் பக்கத்தில் உள்ள சிறு கோப்பு திரும்பத் திரும்ப எழுதப்படும். படங்கள் வெளி டிஸ்க்கில் இருந்தால் இந்த உரசல் நன்றாகவே தெரியும். இதை முழுக்க நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் கேட்டலாக் சிதைந்துபோன நாளில் அந்தக் கோப்புகள்தான் கைகொடுக்கும். தானியங்கியை நிறுத்திவிட்டு, ஒரு திருமணம் முடிந்ததும் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் எஸ் அழுத்திவிடுங்கள். இரண்டு பயனும் கிடைக்கும்.

ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகக் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் என்பது முக்கியம். படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் லைப்ரரியில் காத்திருந்தால் பிரிவியூ தயாராக இல்லை என்று பொருள். மெமரி கார்டை இறக்கிய இரவே படங்களுக்கு 1:1 பிரிவியூ (முழு அளவு நகல்) கட்டச் சொல்லிவிட்டுப் படுக்கப் போங்கள். முப்பது நாளில் அவை தாமாக நீங்கும் அமைப்பு இருக்கிறது, அதை அப்படியே விடுங்கள். படத்தைத் திருத்தும் டெவலப்பில் காத்திருந்தால் இந்தப் பிரிவியூக்கள் உதவாது. அங்கே கேமரா ரா கேச் என்பதுதான் பேசும். அது இயல்பாக 5 ஜிபிதான். டிஸ்க்கில் இடம் திறந்த பிறகு 20 ஜிபியாக ஏற்றுங்கள். உங்கள் லேப்டாப்பின் வயதுக்கு ஸ்மார்ட் பிரிவியூ இன்னும் நல்ல வழி. நீண்ட பக்கம் ஏறத்தாழ 2,500 புள்ளிகள் கொண்ட சிறிய நகல் அது. பிரிஃபரன்ஸஸில் அசலுக்குப் பதில் ஸ்மார்ட் பிரிவியூவில் எடிட் செய்யும்படி குறியிட்டால் ஸ்லைடர்கள் கையோடு நகரும். அசல் ரா கோப்புகள் இருக்கும் டிஸ்க் இணைந்திருந்தால் ஏற்றுமதி அசலிலிருந்தே ஆகும். கூர்மையையும் இரைச்சலையும் பெரிதாக்கிப் பார்க்கும் நேரத்தில் மட்டும் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

மணப்பெண் முகத்தில் நாற்பது இடங்களில் ஹீலிங் போட்டு, மேலே ஐந்தாறு ஏ.ஐ. மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி) வைத்து, ஆட்டோ மாஸ்க்கோடு பிரஷ்ஷும் இழுத்தால் எந்த லைட்ரூமும் திணறும். அத்தனையையும் ஒவ்வொரு அசைவிலும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது. மாஸ்க்குகளை ஐநூறு படங்களுக்கு ஒரே அடியில் சிங்க் செய்தால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே கணக்கு ஓடும். நுணுக்கமான முக வேலையைப் போட்டோஷாப்புக்கு ஒதுக்குங்கள். லைட்ரூமின் இடது மேல் மூலையில் உள்ள பெயர்ப்பலகையைத் தொட்டால் முகம் தேடுதல், முகவரி தேடுதல் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று காட்டும். உங்களுக்கு அவை தேவையில்லை, நிறுத்திவிடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. மந்தம் ஒரு குறிப்பிட்ட அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) பயன்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள்; வேகம் கூடினால் டிரைவர் கோளாறு. என்விடியா கார்டு என்றால் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் போட்டோஷாப்புக்கும் லைட்ரூமுக்கும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில லேப்டாப்புகள் சத்தமில்லாமல் செயலிக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். மென்பொருளின் புதிய பதிப்பே காரணம் என்று தோன்றினால் கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் முந்தைய பதிப்பை நிறுவிக்கொள்ள வழி இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவையுங்கள்.

நீங்கள் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறீர்களா என்று எழுதவில்லை. சிறு ஊர் ஸ்டுடியோக்கள் பலவற்றில் யாரோ பென் டிரைவில் கொடுத்த உடைத்த பதிப்புதான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டே சொல்கிறேன்: அதை நிறுவும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார்களே, அந்த நேரத்தில் உள்ளே வருவது போட்டோஷாப் மட்டும்தான் என்பதற்கு யார் பொறுப்பு? உங்கள் செயலியில் ரகசியமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் இப்படி நுழைவது உண்டு. எதையுமே திறக்காத நிலையிலும் செயலி சூடாக ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதைத்தான் தேடுங்கள்.

எழுத்துருக்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆல்பத் தலைப்புக்காகப் பாமினி வகையறாவும் பழைய தமிழ் எழுத்துருத் தொகுப்புகளும் ஆயிரக்கணக்கில் நிறுவி வைத்திருப்பார்கள். உண்மையில் பயன்படுத்துவது பத்தோ பன்னிரண்டோ. போட்டோஷாப் திறக்கவும் டைப் கருவியைத் தொடவும் தாமதமானால் மிச்சத்தை ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்துவிட்டு நீக்கிவிடுங்கள்.

அக்கா மகனுக்குச் சொல்லுங்கள்: ஃபார்மேட் செய்ததும் வேகம் கூடுவது உண்மைதான். டிஸ்க் காலியாவதும், பின்னணி நிரல்கள் போவதும் அதற்குக் காரணம். அந்த இரண்டையும் ஃபார்மேட் இல்லாமலே செய்யலாம். கேட்டலாக், பிரீசெட், பிரஷ், ஆக்‌ஷன், எழுத்துரு எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வைத்துத் திரும்ப அமர்த்துவது முகூர்த்தத்துக்கு முன்பு செய்கிற வேலை அல்ல. அமைப்புகள் குழம்பிவிட்டன என்ற சந்தேகம் இருந்தால், போட்டோஷாப்பைத் தொடங்கும் நொடியில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்து அமைப்புகளை மட்டும் புதிதாக்கலாம். லைட்ரூமுக்கு ஆல்ட்டும் ஷிஃப்ட்டும். உங்கள் ஆக்‌ஷன்களை அதற்கு முன் தனியாகச் சேமித்துவிடுங்கள்.

கடைசியாக ரேம். இடத்தைக் காலி செய்து, தூசி எடுத்து, வழக்கத்தை மாற்றிய பிறகு, ஒரு வாரம் அந்த எஃபிஷியன்சி எண்ணைக் கவனியுங்கள். மூன்று ஷீட்டுகள் மட்டும் திறந்திருக்கும்போதும் மதியத்தில் அது தொடர்ந்து நூறுக்குக் கீழே இறங்கினால் 32 ஜிபி நல்ல செலவு. கடைக்காரர் சொன்னது சரி. நூறிலேயே நின்றால் அந்தப் பணத்தை இரண்டாவது எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள், பல லேப்டாப்புகளில் அதற்குக் காலி இடம் இருக்கும். வாங்கப் போகும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்ற வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்றிருந்தால் இன்னொரு 16 ஜிபி சேர்த்தாலே போதும்; இரண்டு சேர்ந்து ஓடுவதால் வேகமும் கொஞ்சம் கூடும். இரண்டும் நிறைந்திருந்தால் பழையதைக் கழற்றி மாற்ற வேண்டிவரும். சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. ரேம் வகைகளான டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எது என்று மாடல் எண்ணைக் கொண்டு உறுதி செய்துவிட்டு, கடைக்காரரிடம் உங்கள் முன்னிலையிலேயே மாட்டச் சொல்லி, 32 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.